சாளை என்று ஒரு முறை

என் மகளுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலையை ஒட்டிய கணவர் வீட்டில் இருந்தோம். உயிர்வேதியியல் படித்திருக்காவிட்டால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேனோ என்னவோ.

கல்லூரி நாட்களில் திருவனந்தபுரத்து நூலகத்தில் வாசித்த ஒரு கட்டுரை மனதை விட்டுப் போகவில்லை. நரம்பணுவுக்குள் கால்சியம் நுழைந்ததும் ஒரு கைனேஸ் நொதி விழிக்கிறது. கால்சியம் வடிந்த பிறகும் விழித்தே இருக்கிறது. ஒரு முறை வந்ததை மூளை பிடித்துவைக்க அது வேண்டும். அதற்கான மரபணுவை இழந்த எலிகள் பழகிய இடத்தையே மறந்தன. மனிதருக்கும் அந்த மரபணு உண்டு. என் கணவர் என் தாய்மாமன் மகன். இருவரிடமும் ஒரே பழுது இருந்து, இரண்டும் இவளுக்கு வந்திருந்தால்?

மாமி, பேச்சு வரட்டும் என்று வயம்பு எனும் வசம்பையும் பொன்னையும் தேனில் உரசி அவள் நாக்கில் தடவினார். நான் கால்சியம் மருந்தை அளவுக்கு மேல் புகட்டினேன். குடிக்கும் கால்சியம் நேரே போய் அந்த நொதியை எழுப்பாது என்று தெரிந்தும்தான். குழந்தைக்கு மலம் இறுகியது.

"பிள்ளைக்க வயிறு கல்லு போல இருக்கு. என்னத்த குடுத்த?"

"டானிக்கு, மாமி."

"படிச்சவளாக்கும்! நாக்கு எழும்ப வயித்தையா அடைக்கது?"

மறுநாள் கடற்புறத்து மீன்கார அக்கா வாசலில் கூடையை இறக்கினார். மகள் அதற்குள் கையை விட்டு, "சாள" என்றாள்.

"கேட்டியளா மாமி? எனக்க மீனுக்க பேர சொல்லிட்டா! இன்னைக்கு வெல பேசப்பிடாது."

"எல்லாம் எனக்க வயம்பாக்கும்," என்றார் மாமி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சாளையை அவள் முன்னால் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லு மக்கா," என்று மதியம்வரை கெஞ்சினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு முறை வந்தது நிற்கவில்லை. நான் பயந்ததே அதுதான்.

"பிள்ளைய வதைக்காத," என்று மாமி மீனைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் கடல் சரியில்லை, அக்கா வரவில்லை. அதற்கடுத்த நாள் கூடை தரையில் படுமுன்னே மகள் "சாள, சாள" என்று குதித்தாள். மாமி உள்ளே எல்லோரையும் கூப்பிட்டார்.

நான் அக்காவிடம் கூடையை மூடச் சொன்னேன். மீன் கண்ணில் படாமல் சொல்கிறாளா என்று பார்க்க வேண்டியிருந்தது.