முதுகில் ஒட்டிய பூட்டிலக்கம்

பள்ளிமுனையில் ஃபோன் திருத்திக்கொண்டிருந்த என்னை, "உனக்குத்தானே இந்தச் சாமான்களின்ர குணம் தெரியும்" என்று சொல்லி ஒரு சுகாதாரக் கந்தோரில் கொண்டுபோய் இருத்தினார்கள். படித்துப் பெற்ற வேலை இல்லை. கழற்றிப் பூட்டிப் பெற்ற வேலை. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மருத்துவமாதுகளுக்கு டெப் என்ற கைக்கணினி கொடுத்திருந்தார்கள். அவற்றைப் பராமரிப்பதும், உள்ளே எழுதியது வெளியே போகாமல் காப்பதும் என் பொறுப்பு.

கொண்டச்சிப் பக்கம், இடம்பெயர்ந்திருந்த சனம் திரும்பி வந்து குடியேறிய காலம் அது. தகரக் கொட்டில்கள் எழும்பிவிட்டன, மின்சாரம் வரவில்லை. சந்திக் கடையில் மட்டும் ஒரு ஜெனரேட்டர். ஊர் ஃபோன்கள் எல்லாம் அங்கே பலகையில் வரிசையாகக் கிடந்து சார்ஜ் ஏறும். "வார்ட்டைப் பாத்தியளா தம்பி, எல்லாருக்கும் சேலைன் ஏறுது" என்பார் கடைக்கார நானா. கேட்டவுடன் எதையும் கொடுத்துவிட மாட்டார். ஃபோனின் முதுகில், அதைத் திறக்கும் பூட்டிலக்கத்தை எழுதி ஒட்டிவிட வேண்டும்; எடுக்க வருபவர் அதைச் சொன்னால், புரட்டிப் பார்த்துக் கொடுப்பார். நேர்மையான ஏற்பாடுதான். எங்கள் மருத்துவமாது அக்காவும் ஊரோடு ஒத்து, கந்தோர் டெப்பின் முதுகிலும் இலக்கத்தை ஒட்டிக் கொடுத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், கடையில் நின்ற அவருடைய மச்சான், ஐந்தாறு வீட்டு ஃபோன்களைச் சேர்த்து வாங்கிப்போன யாருடைய பையிலோ கந்தோர் டெப்பையும் போட்டுவிட்டார்.

அக்கா உடனே எனக்கு அழைத்தார். "டெப்பைக் காணேல்ல. இலக்கமும் அதிலயே ஒட்டிக் கிடக்குது தம்பி."

"திறப்பையும் பூட்டிலயே தொங்கவிட்டுட்டு வந்தனீங்களோ?"

"நல்லா ஏசு, கேக்கிறன். ஆனா அழிச்சுப்போடாத. மூண்டு கிழமை வேலை அதுக்குள்ள கிடக்குது. இங்க கதைக்கத்தான் சிக்னல் கிடைக்கும், டேட்டா இல்லாததால கந்தோருக்கு ஒண்டும் வந்து சேரேல்ல."

கந்தோர்க் கணினியிலிருந்து நான் கட்டளை கொடுத்தால், டெப்புக்கு டேட்டா சிக்னல் கிடைத்த உடனேயே எல்லாம் அழிந்துவிடும். எழுதியதைத் திரும்ப எழுதலாம், வெளியே போனதைத் திரும்ப உள்ளே போட முடியாது என்றேன்.

"ஒரு பிள்ளை தன்ர நோய் வருத்தத்தை எனக்கு மட்டும் சொன்னவ" என்றார் அக்கா. "அவ மாமி வீட்டிலதான் இருக்கிறா. அவையளுக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே அவவை வெளிய தள்ளிடுவினம். அழி. நான் திரும்ப வீடு வீடா நடக்கிறன்."

அழித்தேன்.

அடுத்த நாள் காலை, டெப்பைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு நானாவே பஸ் ஏறிக் கந்தோருக்கு வந்தார். "கீரி எண்ட ஊருக்குக் கலியாணத்துக்குப் போன ஆளின்ர பையில கிடந்திச்சு. ஒருத்தரும் திறக்கேல்ல, அல்லாஹ் அறிய." போட்டுப் பார்த்தோம். கீரியில் சிக்னல் பட்டிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. "கழுவிக் கவிட்ட கோப்பை மாதிரியெல்லோ கிடக்குது. சும்மா அழிச்சுப்போட்டியளே தம்பி."

"திறக்கேல்ல எண்டு நேற்று எனக்கு ஆர் சொன்னது நானா?"

அவர் ஒட்டுத்தாளைத் தானே உரித்துச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கந்தோர்ப் பெரியவரின் மேசைக்கு முன்னால் மூன்று நாள் நின்று, மருத்துவமாது ஒவ்வொருவருக்கும் ஒரு பவர் பேங்க் வாங்கினேன். இனி எந்த டெப்பும் கடைப் பலகையில் படுக்காது; இலக்கம் தலைக்குள் மட்டும். பிறகு அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கொண்டச்சிக்குப் போனேன்.

அந்தப் பிள்ளையின் வீடு எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு வேலிக்கும் வெளியே நின்றேன். "போன கிழமையும் இதைத்தானே கேட்டனீங்கள் மிஸி, மறதி வருத்தமோ?" என்று ஒருத்தி உள்ளேயிருந்து சிரித்தாள். "ஓம், எனக்கும் ஒரு கிளினிக் கொப்பி போடோணும்" என்றார் அக்கா.

வெயில் சாயும்போது கடைசி வீட்டிலிருந்து வந்து, டெப்பை மூடிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"எல்லாரும் அந்தந்த வீட்டிலதான் இருக்கினம் தம்பி, அந்தப் பிள்ளையும்தான்" என்றார். "எடு சைக்கிளை."