ரயிலில் இருந்தவர்களின் கருத்து

நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். காரணம்? ஸ்டேஷன் பக்கத்துச் சந்து ஒன்று பிழைத்துக்கொண்டது!

செவ்வாப்பேட்டைப் பக்கம் நான் குடியிருப்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு பாய், பழவேற்காட்டிலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் சாபிராவுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. மாலை லோக்கல் ரயிலிலிருந்து இறங்கி, பிளாட்பாரக் கடைசியில் இருக்கும் சந்துக்குள் நுழைந்தால் வீடு வந்துவிடும்.

எங்கள் ஸ்டேஷனைச் சுற்றிக் கடைகள், பூங்கா, கார் பார்க்கிங் என்று பெரிய பிளான் வந்தது. சந்து இருக்கும் இடத்தில் பார்க்கிங். நீளமாக ஒரு சுவர். சுற்றிக்கொண்டு வரலாம்... ஆனால் வழியில் ஒயின்ஷாப்!

பாய் அன்றைக்கே சொல்லிவிட்டார். "குடிகாரனுங்க நடுவுல என் பொண்ணு வரணுமா? செவுரு வந்துச்சுன்னா வேலைய உட்டுரும்மா."

சாபிராவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆசை ஆசையாகச் சேர்ந்த வேலை அது.

மக்களைக் கேட்டுத்தான் செய்வோம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். எப்போது? வேலை நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு, கல்யாண மண்டபத்தில்! யார் வருவார்கள்? ரிடையர் ஆனவர்கள், மனை விற்கிறவர்கள், வேலைவெட்டி இல்லாத நான். எல்லாரும் பைக்கிலும் காரிலும் வந்திருந்தார்கள். ரயிலில் போகிற ஒரு ஜீவன் கிடையாது. சமோசா தின்றோம். "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று பிளான் போட்ட பெண் அதிகாரி கேட்டார். கைதட்டல்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். "மேடம், ரயில்ல போறவங்க யாரும் இன்னும் வீட்டுக்கே வரலையே!"

கடித்துக் குதறப்போகிறார் என்று நினைத்தேன். மேப்பைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, "எப்போ வருவாங்க? நானும் ஸ்டேஷனுக்கு வரேன்" என்றார். சின்ன வயசுக்காரர். மகராசி!

அன்று சாயங்காலமே பிளாட்பார பெஞ்சில் மேப்பை விரித்துக் காத்திருந்தோம். லோக்கல் வந்தது. "உங்க கருத்தைச் சொல்லுங்க" என்று அவர் ஆரம்பிக்க — யார் நிற்பார்கள்? ரயில் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடுகிறவர்கள் அல்லவா எங்கள் ஆட்கள்! "இன்னா மேடம் பேஜாரு, வழி உடுங்க!" என்று ஒரு பூக்கூடை அம்மா இடித்ததில் மேப் கீழே விழுந்தது. அதையும் மிதித்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு மானமே போனது. அதிகாரி மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தக் கூட்டமும் அந்தச் சந்துக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. மெயின் வாசலில் ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது.

கடைசியில் சாபிரா வந்தாள். மேப்பை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

"மேடம், இத்த மூடிட்டீங்கன்னா ஒயின்ஷாப்ப சுத்திக்கினுதான் வரணும். எங்க வாப்பா வேலைய உட்டுருன்னு சொல்லிக்கினு இருக்காரு. எனக்கு வேலை வேணும் மேடம்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அதிகாரி மேப்பை மறுபடி பெஞ்சில் விரித்தார். பேனாவை எடுத்து, அதில் இருந்த சுவரின் மேல் ஒரு கோடு அடித்தார்.

நேற்று, திருத்திய பிளானை ஸ்டேஷனில் ஒட்டினார்கள். பார்க்கிங் அந்தாண்டைப் பக்கம் போய்விட்டது. சந்துக்கு விளக்குக் கம்பம்கூட உண்டு! பாயை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"லைட்டு வேற போடறாங்களா? அப்பறம் இன்னா சார், பொண்ணு வேலைக்குப் போவட்டும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மக்களைக் கேட்கிறவர்கள் மக்கள் எங்கே இருப்பார்கள் என்றும் கொஞ்சம் விசாரிக்கக் கூடாதா? இந்த அதிகாரி விசாரித்தார். நன்றாக இருக்கட்டும்.

இன்று காலை டிபன் பாக்ஸோடு சந்துக்குள் ஓடினாள் சாபிரா. குட்மார்னிங் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடட்டும்!