ஐந்தாவது பிள்ளைக்குக் கட்டம் இல்லை

எண்பதுகளின் நடுவில் வவுனியாவில் ஒரு புனர்வாழ்வு அலுவலகத்தில் கம்பியூட்டருக்குப் பொறுப்பாக இருந்தேன். பொறுப்பு என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். கரண்ட் நின்றால் ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதும் நான்தான், பெட்டியின் தூசி துடைப்பதும் நான்தான். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் விவரங்களை டேட்டாபேஸில் ஏற்றுவதும், அதற்குப் புரோகிராம் எழுதுவதும் நான்தான். கொழும்பில் சில மாத வகுப்பு, மிச்சமெல்லாம் முட்டி மோதிக் கற்றது.

என்னைப் போலத் திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் அலுவலகங்களிலும் ஆளுக்கொருவர் இருந்தார்கள். எங்கள் நால்வரிடமும் இருந்தது ஒரே மென்பொருள். நேரில் சந்தித்தது குறைவு. எழுதிய புரோகிராம்களைப் பிளாப்பி டிஸ்க்கில் ஏற்றி பஸ் கண்டக்டர்மாரிடம் கொடுத்தனுப்புவோம். சோதனைச் சாவடியில் ஒருவர் உறையை விலக்கி, உள்ளே தெரியும் கறுத்த வட்டத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாரென்றால் அந்த மாதத்து வேலை அம்போதான். அதற்குப் பிறகு சோற்றுப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினோம். ஒருவர் கண்டுபிடித்த குறுக்குவழி இரண்டொரு கிழமையில் மற்ற மூவருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அது வேலை செய்யாவிட்டால் வசவும் அதே பஸ்ஸில் திரும்பி வரும்.

அந்த மென்பொருளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. வரிக்கு முப்பத்திரண்டு கட்டங்கள், அதற்கு மேல் ஒன்றுகூடத் தராது. தலைவர், துணை, வயதுகள், காணி, கிணறு என்று போட்டுக்கொண்டு போனால் நான்கு பிள்ளைகளோடு கட்டங்கள் முடிந்துவிடும். எங்கள் சனம் நான்கோடு நிறுத்துகிற சனமா? நாங்கள் நால்வரும் கூடி ஒரு தந்திரம் செய்தோம். ஐந்தாவது பிள்ளையை அடுத்த வரியில் குடும்பத் தலைவர் போல எழுதி, துணைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, மற்றப் பிள்ளைகளை அதன் பின்னால் போட்டுவிடுவோம். அதற்குத் தொங்கல் வரி என்று பெயர் வைத்தோம். வெளியாள் பார்த்தால் ஏழு வயதுப் பையன் குடும்பம் நடத்துகிறான் என்று நினைப்பார். எங்களுக்கு விஷயம் தெரியும், அது போதும் என்று இருந்தோம்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. பட்டியலை அச்செடுத்தவுடன் அந்தந்த ஊருக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வாசிப்போம். பிழை இருந்தால் சனம் அந்த இடத்திலேயே சொல்லிவிடும். பெண்கள் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். தங்கள் பெயர் வந்ததும் முகத்தில் ஒரு வெட்கம். எனக்கு அந்த வேலையில் மிகவும் பிடித்தது அதுதான்.

பிறகு கொழும்பிலிருந்து மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. முதல் நாள் எனக்கு அழுகை வராத குறை. நான் இரண்டு வருடமாக எழுதிய புரோகிராம்களில் பாதி அதில் ஓடவில்லை. கொழும்புக்காரருக்கு வேறு வேலையில்லையா, ஓடுகிறதை ஏன் மாற்றுகிறார்கள் என்று அலுவலகமே கேட்கத் திட்டினேன். ஆனால் ஒரு கிழமை கழித்து, குடும்பத்துக்கு ஒரு கோப்பு, ஆட்களுக்கு இன்னொரு கோப்பு, இரண்டையும் ஓர் இலக்கத்தால் இணைத்துவிடலாம் என்று விளங்கியபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "இனி எங்கட சனம் எத்தனை வேணுமெண்டாலும் பெறலாம்" என்று திருகோணமலைக்காரர் டிஸ்க்கோடு ஒரு துண்டு எழுதி அனுப்பியிருந்தார்.

அவர் முன்பு நில அளவைப் பகுதியில் படம் வரைந்தவர், எங்கள் நால்வரில் கைதேர்ந்தவர். பழைய கோப்பைப் புதியதற்கு மாற்றும் புரோகிராமை அவரே எழுதினார். தொங்கல் வரிகளை அது தானாகவே கண்டுபிடிக்கும்: தலைவருக்கு வயது பதினெட்டுக்குக் கீழே, துணைக் கட்டம் வெறுமை என்றால் அந்த வரியில் இருப்பவர்களை முந்தின குடும்பத்தோடு சேர்த்துவிடும். நாங்கள் மூவரும் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டினோம். கண் முன்னால் பட்டியல் சுத்தமாகியது.

அப்போது ஜெயபுரம் என்ற குடியேற்ற ஊரின் பட்டியல் அவசரமாகத் தேவைப்பட்டது. அங்கே குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதாக இருந்தது. பட்டியலில் இருக்கிற குடும்பத்துக்கு வீடு, இல்லாததற்கு இல்லை. அடுத்த கிழமை அது கொழும்புக்குப் போகவேண்டும். எங்கள் பணிப்பாளர் வாசிப்பு வேண்டாம் என்றார்.

"புதுசு எல்லாத்தையும் தானே சரிபார்க்குது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிறகு என்னத்துக்கு டீசலை எரிச்சுக்கொண்டு அவ்வளவு தூரம் போறியள்?"

"சேர், சனம் பார்த்துக்கொண்டு நிக்கும். ஒருக்கா வாசிச்சுப்போட்டு வாறன்" என்றேன். எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. வாசிப்பதில் இருந்த ஆசைதான். விதைநெல் ஏற்றிய லொறி ஒன்று அந்தப் பக்கம் போனது, அதில் தொற்றிக்கொண்டேன். மல்லாவி தாண்டிய பிறகு ரோட்டு எலும்பை எண்ணிவிட்டது.

ஜெயபுரத்தில் பாலர் பள்ளிக் கொட்டிலில் சனம் கூடியிருந்தது. வாசித்துக்கொண்டு போனேன். பட்டியலில் ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு வந்து, கணவர் பெயர், அவர் பெயர், ஏழு பிள்ளைகள் என்றதும் கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு முன்னுக்கு வந்தார்.

"எனக்கு நாலு புள்ளைங்க தாங்க. மத்த மூணும் பக்கத்து வீட்டு அம்மாவோடது. அவங்க போன மழைக்குக் காய்ச்சல்ல போயிட்டாங்க. அப்பா அதுக்கு முந்தியே இல்லை."

"அப்ப பிள்ளையளை நீங்கள்தானே பார்க்கிறியள்?" என்றேன்.

"பார்க்கிறேங்க. சோறு இல்லேன்னா எங்க வீட்டுலதான் திங்கும். ஆனா அதுங்க வீட்டுல அதுங்கதான் இருக்கு. மூத்தவதான் ஒலை வைக்கிறா, கடலைக் கொல்லைக்கும் போறா. என் பேருல சேர்த்துட்டா அதுங்களுக்கு வீடு வராதே. அதுங்க காணி என்னாவும்?"

மூத்தவள் பின்வரிசையில் நின்றாள். பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். தம்பியையும் தங்கையையும் இரண்டு கையிலும் பிடித்திருந்தாள். எங்கள் பதிவாளர் யாரோ தாய் இறந்த பிறகு வந்தபோது அவளைக் குடும்பத் தலைவியாகச் சரியாகவே எழுதியிருக்கிறார். துணைக் கட்டம் வெறுமை. வயது பதினெட்டுக்குக் கீழே. தொங்கல் வரியேதான்.

இல்லாத குடும்பங்களைப் பிள்ளைகளின் பெயரில் உண்டாக்கி விளையாடியவர்கள் நாங்கள். அந்த விளையாட்டுக்குள் உண்மையாகவே ஒரு பிள்ளை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள், அது எங்கள் நால்வரின் மூளைக்கும் எட்டவில்லை.

வவுனியாவுக்குத் திரும்பியதும் திருகோணமலைக்கு டிரங்க் கோல் போட்டேன். லைன் கிடைக்க அரை நாள் போனது. நடந்ததைச் சொல்லி முடிக்கும்போது லைன் கரகரத்தது. லைன் அறுந்துவிட்டதென்று ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

"நிக்கிறன், நிக்கிறன்" என்றார். "சேர்க்கிற வேலையை அந்தப் புரோகிராமிலயிருந்து கழட்டி எறிவம். அது சந்தேகமான வரிக்கு ஒரு புள்ளி மட்டும் வைக்கட்டும். போய்க் கேட்கிறது எங்கட வேலை."

"டிஸ்க்கை இண்டைக்கே பஸ்ஸில விடுங்கோ" என்றேன்.

"விடுறன். மற்ற ரெண்டு பேருக்கும் விடுறன். ஆனா நீங்கள் அந்த வாசிப்பை மட்டும் விட்டுடாதேங்கோ."

அந்த டிஸ்க் கட்டைவிரல் படாமல் வந்து சேர்ந்தது. மட்டக்களப்பிலும் ஒரு பையனும் அவன் தங்கையும் மாமன் குடும்பத்துக்குள் போயிருந்ததாக, வெளியே எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பணிப்பாளரிடம் நான் ஒன்றும் வாய்காட்டவில்லை. அவராகவே ஜீப்பைத் தந்தார், டீசல் கதை எடுக்கவில்லை.

கொழும்புக்கு அனுப்புமுன், திருத்திய பட்டியலை இரண்டாம் முறை ஜெயபுரத்தில் வாசித்தபோது அந்தப் பிள்ளையின் பெயரைத் தலைவி என்று சொல்லி, அதன் கீழே தம்பி, தங்கை என்று வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனேன். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

சனம் கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். பட்டியலில் தன் பெயர் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, தம்பி பெரியவனானதும் என்னய எடுத்துட்டு அவனத் தலைவனாப் போட்டுடுவீங்களா?"

அப்படித்தான் எல்லோரும் செய்வோம். ஆம்பிளைப் பிள்ளைக்கு வயது வந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை, ஒரு விசையை அழுத்தினால் மாறிவிடும்.

"இல்லை. நீ ஓமெண்டு சொன்னால் ஒழிய ஒருத்தரும் மாத்தேலாது" என்றேன்.

"கம்பியூட்டரும் மாத்தாதா?"

"அதுவும் மாத்தாது."

நான் அவளுக்குச் சொன்னது அந்த நேரத்தில் பொய். அப்படி ஒரு தடை எங்கள் புரோகிராமில் எங்கேயும் இருக்கவில்லை. வவுனியாவுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். புதிய பதிப்பில் நான் சொந்தமாக எழுதிய முதல் புரோகிராம் அதுதான். குடும்பத் தலைவரை மாற்றப் போனால், இப்போது இருக்கும் தலைவரிடம் கேட்டாயிற்றா என்று திரை கேட்கும். இல்லை என்றால் மாற்ற விடாது. அடுத்த நாள் காலை அதை மற்ற மூவருக்கும் பஸ்ஸில் அனுப்பினேன்.