எக்கோ பெட்டியும் மில்லுக்கார அண்ணனின் காதும்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். என் சட்டியில் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. வலது கையில் மூன்று விரல் ஓடும். இடது கை மடியில் சும்மா கிடக்கும். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை, ரேடியோவைக் கேட்டுக் கேட்டுத் தடவிப் பிடித்ததுதான். அப்படிப்பட்ட நான் எண்பதுகளின் பிற்பாதியில் ராஜபாளையத்து மெல்லிசைக் குழு ஒன்றில் சிந்தசைசர் வாசித்தேன் என்றால், அதற்குக் காரணம் ஓர் எக்கோ பெட்டி.

சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. கிடாரை விட்டுவிட்டு வியாபாரத்துக்குப் போன மதுரைக்காரர் ஒருவரிடமிருந்து என் கைக்கு வந்தது. காலால் மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும். மேலே மூன்று திருகு. வாசித்த சத்தம் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வர வேண்டும் என்பதற்கு முதல் திருகு. எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு உரக்க வர வேண்டும் என்பதற்கு மற்ற இரண்டும். சிந்தசைசரில் ஒரு சுரத்தைத் தட்டினால் பெட்டி அதை வாங்கி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கலாக, ஈரத்துணியால் மூடியதுபோலத் திருப்பிக் கொடுக்கும். நான் ஒன்று வாசிப்பேன், ஊர் நாலு கேட்கும்.

எங்கள் குழுவில் தபலா வாசித்த அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒனக்குச் சட்டியில இல்லாமலே அகப்பையில வருதுலே. குடுத்து வச்சவன்."

அண்ணனுக்குப் பஞ்சாலையில் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மில்லுக்குள் ஓடும் மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. வாயசைவையும் கையசைவையும் பார்த்துத்தான் பேச்சு. அந்தப் பழக்கத்தில் வெளியே வந்தும் சத்தமாகவே பேசுவார்கள். 'மில்லுக்காரன் வீட்டு ரகசியம் மூணு தெருவுக்குத் தெரியும்' என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அண்ணனும் அப்படித்தான் பேசுவார். ஆனால் தபலாவில் கை வைத்துவிட்டால் தாளம் இம்மி நகராது.

எக்கோ பெட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாட்டு ஓடினாலும் நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. திருகு எங்கே நிற்கிறதோ அந்த இடைவெளியில்தான் திருப்பிக் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அண்ணன் தன் தொடையில் விரலால் தட்டிக் காட்டுவார். நான் ஒரு சுரத்தை வாசித்து, திரும்பி வரும் சத்தம் அவர் தட்டின்மேல் விழும்வரை முதல் திருகை மெல்ல நகர்த்துவேன். சரியாக விழுந்ததும் கண்ணைச் சிமிட்டுவார். பிறகு பாட்டு முழுக்க அந்தச் சத்தத்தை நம்பி விளையாடுவார். நம்பி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. விளக்கு வைக்கும் நேரம், மண்டபம் நிறைந்திருந்தது. அடுத்த பாட்டுக்கு அண்ணன் தட்டிக் காட்டி, நான் திருகைச் சரிசெய்து, அவர் கண்ணும் சிமிட்டியாயிற்று. எங்கள் பாடகர்தான் குழுவுக்குத் தலைவர். அவர் வந்தவர்களை மைக்கில் வரவேற்றுக்கொண்டிருந்தார். அந்த இடைவேளையில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் மேடையோரம் வந்து, "என்னய்யா டப்பா அது?" என்றார்.

சும்மா பதில் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பெருமை பிடுங்கித் தின்றதே. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு சுரத்தைத் தட்டி முதல் திருகைச் சட்டென்று திருப்பினேன். திரும்பி வரும் சத்தம் அப்படியே வழுக்கி, நாய் ஊளையிடுவதுபோல் கீழே இறங்கியது. அவர் சிரித்தார். "இன்னொருக்க பண்ணும்." இன்னொருக்க பண்ணினேன். அதற்குள் பாடகர் பல்லவியை எடுத்துவிட்டார். நான் பதறிச் சத்தத்தை ஏற்றிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். திருகை மறந்தே போனேன்.

என் சத்தம் ஒரு மயிரிழை பிந்திப் பிந்தி வந்தது. ஸ்பீக்கர் அண்ணனின் காதோரம். அவர் அதைக் கேட்டுக் கையை இழுத்துப் பிடித்தார். பாடகர் முன்னால் போய்விட்டார். அண்ணன் அவரைத் துரத்தினார்; என் பெட்டி மறுபடி பின்னால் இழுத்தது. சரணத்தில் மொத்தமும் சரிந்து, பாட்டு பாதியில் நின்றது.

அப்போதுதான் திருகைப் பார்த்தேன். எல்லோரும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வயரைச் சரிசெய்பவன்போலக் குனிந்து, திருகைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டு நிமிர்ந்தேன்.

பாடகர் மைக்கிலேயே சொன்னார்: "அண்ணன் காதுக்குள்ள இன்னும் மில்லு ஓடிக்கிட்டிருக்கு. செத்த நேரம் பொறுத்துக்கோங்க, ஷிப்ட் முடியட்டும்."

மண்டபமே சிரித்தது. அண்ணன் கையில் பவுடரைத் தட்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பாட்டை மறுபடி எடுத்தோம். இப்போது தாளம் சுத்தமாக நின்றது. தப்பு அவருடையதுதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தபலா இரண்டும் மடியில். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஏலே, நெசத்தச் சொல்லு. நான் பிந்துனேனா?"

குழுவில் நான் புதிது. சிந்தசைசர் வாசிக்க விருதுநகரிலிருந்து வேறொருவனைக் கூப்பிடலாம் என்று பாடகர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். இதெல்லாம் காரணமா, சாக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"லேசாப் பிந்துச்சுண்ணே" என்றேன்.

லேசாகவாம். பொய்யிலும் ஒரு தாராளம்.

அடுத்த வாரம் அவர் காது டாக்டரிடம் போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி இரண்டு காதுக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் மந்தம் இருக்கத்தான் செய்யுது. மில்லுல இத்தன வருசம் நின்னா யாருக்கும் வரும். வேலை நேரத்துல காதுல பஞ்சு வச்சுக்கோங்க" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அப்பாடா, நான் சொன்னது முழுப் பொய் இல்லை. கூடப் பிறக்காத அண்ணனுக்குக் காது மந்தம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவன் நான். மற்றதையெல்லாம் பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இந்தச் சந்தோஷத்துக்கு என்ன பெயர் வைப்பது?

அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே, "எனக்கே எம்மேல நம்பிக்கை இல்ல, பொறவு ஒங்களுக்கு எப்பிடி இருக்கும்?" என்றார். தபலா போர்வையில் சுற்றிப் பரணுக்குப் போனது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். மதினி காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சும்மா இருக்கையில கையி தொடையில தட்டிக்கிட்டே கெடக்கும் தம்பி. திடீர்னு நிறுத்திப்புட்டு, 'ஏட்டி, சரியா வருதா?'ன்னு எங்கிட்டப் போயி கேக்காவ. எனக்கு அடுப்புல பால் பொங்குறதே தெரியாது. நான் என்னத்தக் கண்டேன்?"

காப்பியைக் கீழே வைத்தேன். அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டு ஆள் கேட்டது, திருகைத் திருப்பியது, குனிந்து நிமிர்ந்தது, பஸ்ஸில் சொன்ன லேசு, எல்லாவற்றையும்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏட்டி, இங்க வா! நான் தப்பா வாசிக்கலயாம்! எங் காது நல்லாத்தான் இருக்காம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி மதினியைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இம்புட்டு நாளும் தெரிஞ்சேதான் எங்கூட டீ குடிச்சியாலே?"

நான் தலையை ஆட்டினேன். "மைக்குல வச்சுத்தான என்னைய கேலி பண்ணுனாவ. நீயும் மைக்குலயே சொல்லிரு. அதுபோதும்" என்றார்.

அடுத்த கச்சேரி ராஜபாளையத்திலேயே, ஒரு தெருப் பொங்கல் விழாவில். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, மதினியோடு முன் வரிசைக்கே வந்திருந்தார். இடையில் நான் மைக்கை வாங்கினேன். எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல தாளம் தப்புனதுக்கு அண்ணன் காரணம் இல்ல. இந்த எக்கோ மெஷின் கோளாறு பண்ணிருச்சு" என்றேன்.

கூட்டம் கை தட்டியது. பாடகர், "மெஷினுக்கும் மன்னிப்பு உண்டு" என்றார். அதற்கும் தட்டினார்கள். மதினிகூடச் சிரித்தார். அண்ணன் மட்டும் தட்டவில்லை.

இடைவேளையில் மேடைக்கு ஏறி வந்தார். எக்கோ பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, முதல் திருகை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது தானாவா திரும்பும்?"

"இல்லண்ணே. நான்தான் திருப்புனேன்."

"இதத்தான வே அங்க சொல்லணும்?" என்றார். கோபமே இல்லை. அதுவரைக்கும் 'ஏலே' போட்ட வாயிலிருந்து வந்த, வெளியாளைக் கூப்பிடும் அந்த 'வே'தான் சுட்டது. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு மதினியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தைமாசமே பரணிலிருந்து தபலா இறங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பஜனைக் குழுவில் தொண்ணூறுகள் முழுக்க வாசித்தார். ஒருமுறை பஜனை நடந்த வீட்டுத் தெரு வழியாகப் போனபோது கேட்டேன். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நின்றேன். ஓர் இடத்திலும் பிந்தவில்லை. உள்ளே போய் அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு என்று நினைத்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.