பண்டிதர் மறுத்த நாள்

ஜார்விஸ் தோர்னை எங்கள் நாடகக் கொட்டகையில் எல்லோரும் பண்டிதர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு இல்லை, கேலிக்கு. கேம்பிரிட்ஜில் வருஷக்கணக்காகப் படித்துவிட்டு வந்து, கொம்பும் வாலும் வைத்த தோலை மாட்டிக்கொண்டு மேடைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பிசாசு வேஷம்தான் அவருக்கு. அதிலும் முதல் பிசாசு இல்லை, மூன்றாம் பிசாசு. பேச்சு கிடையாது. மேடைப் பலகையில் இருக்கிற கதவைத் திறந்து ஏறி வர வேண்டும், உறுமவேண்டும், யாரையாவது இழுத்துக்கொண்டு இறங்கவேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

நான் ஏவிஸ். என் புருஷன் இதே குழுவில் ராஜா வேஷம் கட்டினவர். கொள்ளைநோயில் அவர் போன பிறகு உடுப்பு அறையை என்னிடம் விட்டார்கள். கிழிந்ததைத் தைப்பது, வியர்வை நாற்றம் போகக் காயப்போடுவது, நடிகர்களைத் திட்டுவது எல்லாம் என் வேலை. திட்டுவதற்கென்று தனியாகச் சம்பளம் கொடுத்திருந்தால் இந்நேரம் தேம்ஸ் ஓரமாக ஒரு மாடி வீடு கட்டியிருப்பேன்.

பண்டிதரை நான் முதலில் பார்த்ததும் அந்த அறையில்தான். நல்ல குளிர்காலம். பட்டம் வாங்கினவர்கள் போடுகிற கறுப்பு அங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பசி முற்றிய படிப்பாளிகள் அங்கியை விற்க எங்களிடம்தான் வருவார்கள், அதனால் எனக்கு அது புதிதில்லை. ஆனால் எல்லோரும் விலையைக் கேட்பார்கள். இவர், "இதை யாரு போட்டுக்குவாங்க?" என்று கேட்டார்.

"வக்கீல் வேஷம், பாதிரி வேஷம், யாருக்குப் பொருந்துதோ அவங்க. ஏன், உங்ககிட்ட உத்தரவு வாங்கிக்கிட்டுத்தான் போடணுமோ?" என்றேன்.

"இல்லம்மா. போடறவங்க நல்லா இருக்கட்டும்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குழுவின் தலைவர் ஆஸ்வல்டைப் பிடித்து, இந்த ஆளுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று நச்சரித்து வாங்கிக் கொடுத்தேன். அப்படித்தான் அவர் பிசாசானார்.

சஃபோக் பக்கத்தில் தோல் பதனிடுகிறவரின் மகன். பணக்காரப் பையன்களுக்குப் பந்தி பரிமாறி, அவர்கள் தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்று படித்தார். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமே கிடையாது. "மிச்சம் நல்லாத்தான் இருக்கும் ஏவிஸ், ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி கூட வரும்" என்பார். பட்டம் வாங்கியாயிற்று. அதன் பிறகு கல்லூரியிலேயே ஆயுசு முழுக்க இருந்து படிக்க ஓர் இடம் காலியாக இருந்ததாம். அதற்கு இரண்டு பேர். இரண்டு பேரும் பெரியவர்கள் முன்னால் நின்று வாதம் செய்யவேண்டும். ஒருவன் கேட்க, மற்றவன் ஒவ்வொன்றுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்றோ 'மறுக்கிறேன்' என்றோ பதில் சொல்லி, ஏன் என்று காட்டவேண்டும். எதிரில் நின்ற பையன் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறான். இவர் யோசித்துப் பார்த்துவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டார். இடம் அவனுக்குப் போயிற்று.

"அட கடவுளே! ஏதாவது சுத்தி வளைச்சுச் சமாளிச்சிருக்கக் கூடாதா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அவன் கேட்டது சரியா இருந்துச்சே. என்ன பண்றது?"

அவருடைய வாலைத் தைத்துக்கொண்டிருந்த நான் ஊசியை நிறுத்திவிட்டு அந்த முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருந்தது, கோபம் மருந்துக்குக்கூட இல்லை. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதை மூடி மறைக்கிற வயசெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது.

பிறகு அந்த நாடகம் வந்தது. இத்தாலியில் பாதுவா நகரத்துப் பேரறிஞன் ஒருவன். உலகத்தில் உள்ளதையெல்லாம் படித்து முடித்தும் ஆசை அடங்கவில்லை. ஏதேன் தோட்டத்தில் கடவுளும் ஆதாமும் பேசிக்கொண்ட முதல் மொழி எதுவோ, அது தெரியவேண்டும் அவனுக்கு. தெரிந்தால் எல்லாம் தெரிந்தது போலத்தானே. அதற்காகச் சிநேகிதனை விடுகிறான், கட்டினவளை விடுகிறான், பிசாசுக்கு ஆத்துமாவையும் எழுதிக் கொடுக்கிறான். பிசாசு சொன்ன சொல் தவறாமல் கற்றுக்கொடுக்கிறது. அதன் பிறகு அவனுக்கு வேறு மொழி வாயில் வருவதில்லை. கடைசியில் காப்பாற்றுங்கள் என்று கதறுகிறான், பூமியில் ஒருத்தருக்கும் புரிவதில்லை. பாவி! தைக்க உட்கார்ந்த இடத்திலேயே நான் அழுதிருக்கிறேன்.

அந்த அறிஞன் வேஷம் பார்னபிக்கு. சத்திரக்காரர் மகன். குரல் இருந்தது, தொடையழகு இருந்தது, கர்வம் மூட்டை மூட்டையாக இருந்தது. லத்தீன் மட்டும் ஒரு சொட்டு கிடையாது. ஜார்விஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். அங்கி எது என்று கேட்கிறீர்களா? அதேதான். ஜார்விஸின் அங்கியைப் பார்னபிக்கு நான்தான் மாட்டிவிடுவேன். என் வயிறு எரியும். அவர் பேசாமல் கொம்பை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு மேடைக்கு அடியில் போய்விடுவார். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். இருட்டில், பிசாசுத் தோலுக்குள், மேலே பார்னபி பேசுகிற ஒவ்வொரு வரிக்கும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"இப்படி ஏங்கி ஏங்கியே செத்துப்போயிடாதீங்க" என்றேன்.

"ஒரே ஒரு தடவை, ஏவிஸ். அதைப் போட்டுக்கிட்டு அத்தனை ஜனங்களுக்கு முன்னாடி நின்னு பேசணும். அப்புறம் ஆயுசுக்கும் உறுமிக்கிட்டே கெடக்கேன்."

கடவுள் காதில் விழுந்ததோ இல்லையோ, பார்னபியின் குதிரை காதில் விழுந்துவிட்டது. குடித்துவிட்டு ஏறினவனை ஸ்மித்ஃபீல்டு சந்தையில் கீழே தள்ளிக் காலை முறித்துவிட்டது. அன்று பிற்பகல் ஆட்டம். ஆட்டம் உண்டு என்று கொடி ஏற்றியாயிற்று, ஜனம் உள்ளே வந்தாயிற்று. முழு வேஷமும் மனப்பாடமாகத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான்.

ஆஸ்வல்ட் என்னைப் பார்த்து, "அந்தப் பிசாசுக்கு அங்கியை மாட்டு" என்றார்.

மாட்டிவிட்டேன். பித்தான் போட்டு முடித்ததும் நிமிர்ந்தார் பாருங்கள், மாதாவே! (மாதாவைக் கூப்பிடுவது பழைய மதத்து வழக்கம், இந்தக் காலத்தில் அப்படிச் சொல்லக்கூடாது, வாய் கேட்க மாட்டேன் என்கிறது.) அத்தனை வருஷமாகக் குனிந்தே பார்த்த மனுஷன் இவ்வளவு உயரமா என்று அண்ணாந்து பார்த்தேன்.

ஆரம்பம் பிரமாதமாகப் போயிற்று. பார்னபி கத்துகிற இடத்தில் இவர் மெதுவாகப் பேசினார். கொட்டை உடைத்துத் தின்கிற சத்தம்கூட அடங்கியது. பிறகு வாதக் கட்டம் வந்தது. அறிஞனிடம் ஒரு கிழட்டுப் பேராசிரியர் கேள்வி கேட்பார். அது ஹம்ஃப்ரி, மீன் விற்கிற வீட்டுப் பிள்ளை, நல்லவன்.

"தெரிந்துகொள்ள ஏங்குகிறவனே அறிஞன். எல்லாம் தெரிந்துவிட்டால் ஏக்கம் ஏது? ஏக்கம் இல்லாதவன் அறிஞனும் இல்லை. அப்படியானால் நீ தேடுவது கிடைக்கிற அன்றைக்கே தேடின அந்த ஆளாக நீ இருக்கமாட்டாயே, என்ன சொல்கிறாய்?" என்று ஹம்ஃப்ரி கேட்டான்.

இதற்கு அறிஞன் காலை ஓங்கி உதைத்து 'மறுக்கிறேன்!' என்று முழங்கவேண்டும். அந்தச் சொல் விழுந்தால்தான் கூரைமேல் இருக்கிறவன் இரும்புக் குண்டை உருட்டி இடி இடிக்க வைப்பான். இடி கேட்டால்தான் கீழே இருக்கிற பிசாசு கதவைத் திறப்பான். எங்கள் ஆட்களுக்கு முழு நாடகமும் கையில் கிடையாது. அவனவன் பேச்சும், அதற்கு முன்னால் விழவேண்டிய சொல்லும்தான் தெரியும். அந்தச் சொல் விழாவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

ஜார்விஸ் யோசித்தார். மேடையில், அத்தனை பேர் முன்னால், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. ஹம்ஃப்ரிக்கு நேராகத் தலை வணங்கி, "ஒப்புக்கொள்கிறேன்" என்றார்.

இடி இல்லை. பிசாசு இல்லை. ஹம்ஃப்ரி முகத்தில் ஈயாடவில்லை. முன்னால் நின்ற படகுக்காரன் ஒருத்தன், "அவனே ஒத்துக்கிட்டான்யா, வாங்க வீட்டுக்குப் போலாம்!" என்று கத்தினான். கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. ஆப்பிள் பறந்தது. கடைசியில் கோமாளியை மேடைக்குத் தள்ளி ஆட வைத்துத்தான் அன்றைய மானத்தைக் காப்பாற்றினோம்.

உடுப்பு அறைக்குள் வந்து ஆஸ்வல்ட் குதித்த குதி இருக்கிறதே!

"யோவ் பண்டிதரே, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஒரே வார்த்தைய்யா! கிளிகூடச் சொல்லும்யா!"

"அந்தக் கேள்வி சரியா இருந்துச்சு அண்ணே."

"அது கேள்வியில்லய்யா, வசனம்!"

ஹம்ஃப்ரி பாவம் போல, "சத்தியமா எனக்கு அதுக்கு அர்த்தமே தெரியாதுண்ணே. சீட்டுல எழுதியிருந்துச்சு, சொன்னேன்" என்றான்.

ஜார்விஸ் அவனைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்ல ஹம்ஃப்ரி. கேம்பிரிட்ஜ்லேயிருந்து வந்த நாளா என்னை யாருமே ஒரு கேள்வி கேட்டதில்ல. நீதான் கேட்டே."

ஆஸ்வல்ட் கெட்டவர் இல்லை, குரலைத் தணித்துக்கொண்டார். "கேளு. பார்னபி இனிமே நொண்டிதான். உன் ஆரம்பத்தை நானும் பார்த்தேன், அவனால அப்படி முடியாது. நாளைக்கு மறுபடியும் போடறோம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லு, வேஷம் காலத்துக்கும் உனக்கு. சொல்லமாட்டேன்னா வாசலைப் பார்த்து நட. பிசாசு வேஷமும் கிடையாது."

அவர் போன பிறகு நான் ஜார்விஸைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லித் தொலைங்களேன்! நாக்கு என்ன தேஞ்சா போயிடும்? இதுக்குத்தானே ஏங்கினீங்க?"

"இதுக்குத்தான்" என்றார். அங்கியை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கூட்டம் தாங்கவில்லை. கிறுக்கன் இன்றைக்கும் ஒத்துக்கொள்வானா என்று பார்க்க ஊரே வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு நின்றேன். ஹம்ஃப்ரி கேட்டான். ஜார்விஸ் வாயைத் திறந்தார், மூடினார். ஒரு மூச்சு விடுகிற நேரம் கொட்டகையில் அசைவே இல்லை.

"மறுக்கிறேன்!"

இடி உருண்டது. பிசாசு ஏறி வந்தான். நாடகம் ஆற்றுவெள்ளம் போலப் போயிற்று. கடைசிக் காட்சியில், யாருக்கும் புரியாத மொழியில் அவர் மன்றாடினார் பாருங்கள், முந்தின நாள் கத்தின படகுக்காரனே தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்படி ஒரு கதறலைப் பார்னபி காலத்தில் கேட்டதே இல்லை. நடிப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே வந்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், முதுகில் தட்டினார்கள், பீர் ஊற்றினார்கள். எல்லோரும் போன பிறகு அங்கியைக் கழற்றினேன்.

"ஊரே அழுதுச்சு" என்றேன்.

"பொய் சொல்லிட்டேன், ஏவிஸ்."

"நாடகம்னா பொய்தானே?"

"மத்ததெல்லாம் நாடகம். அந்தக் கேள்வி ஒண்ணு மட்டும் நிஜமாவே என்கிட்ட கேட்டது."

பிறகு அவருக்கு எல்லாம் வந்தது. கூலியாளாக இருந்தவர் குழுவில் பங்குதாரர் ஆனார். புது அங்கி, வெல்வெட் பட்டி வைத்தது. தெருவில் போனால் பையன்கள் பின்னால் ஓடினார்கள். என்ன பிரயோசனம்? உடுப்பு அறையில் உட்கார்ந்து மணிக்கணக்காக வாதம் செய்கிறவர், வாதத்தையே விட்டுவிட்டார். ஆஸ்வல்ட் என்ன சொன்னாலும் "சரி". கறி வேகவில்லை என்றாலும் "சரி". வேண்டுமென்றே ஒரு நாள், "சூரியன் மேற்கே உதிக்குதாமே?" என்று சீண்டினேன். "இருக்கும், ஏவிஸ்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடைக்கு அடியில் உதடு அசைத்துக்கொண்டிருந்த அந்த மனுஷன் எங்கே போனார் என்று யாரிடம் போய்க் கேட்பேன்? அவருக்கு ஏக்கமே இல்லாமல் போயிற்று. அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சலில் படுக்கிற வரைக்கும் அந்த வேஷத்தை அவர்தான் கட்டினார். ஆட்டம் போட்ட ஒவ்வொரு பிற்பகலும், ஹம்ஃப்ரி கேட்டு முடித்ததும், பதில் சொல்வதற்கு முன்னால் அதே ஒரு மூச்சு நேரம் நிற்பார். அடடா, என்ன நடிப்பு என்று ஜனங்கள் அந்த நிற்பைத்தான் மெச்சுவார்கள். திரைக்குப் பின்னால் நான் கையைக் கோத்துக்கொண்டு, நாடகம் நாசமாய்ப் போனால் போகட்டும், இன்றைக்காவது ஒப்புக்கொள்ளுங்களேன், அன்றைக்கு மலர்ந்த அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று வேண்டுவேன். வேண்டி முடிப்பதற்குள் கூரைமேல் இடி உருண்டுவிடும்.