ஹெக்டருக்கு ஸ்பானிஷ் வராது

இன்று ஏசி ரிப்பேர் பார்க்க ஹெக்டர் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயரை வைத்து மெக்சிகோக்காரர் என்று நினைத்து, டெக்சாஸில் இந்த இர்விங் ஊருக்கு வந்த புதிதில் போனில் கற்ற ஸ்பானிஷைக் காட்டிவிடும் ஆசையில், தண்ணீர் வேண்டுமா என்று அதிலேயே கேட்டேன்.

"சாரி சார், எனக்கு ஸ்பானிஷ் வராது" என்றார், இங்கிலீஷில்.

நான் விடுவேனா. எந்த ஊர், கிரீன் கார்டு வந்துவிட்டதா என்று நம் வழக்கப்படி விசாரித்தேன்.

ஐந்து தலைமுறையாக டெக்சாஸ்தானாம். ஸ்பானிஷ் பேசியதற்காக அவருடைய அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் கட்டையால் அடித்தார்களாம். பிள்ளைகளுக்கும் அந்த அடி விழக் கூடாது என்று அப்பா வீட்டில்கூட ஸ்பானிஷ் பேசவில்லையாம்.



காலேஜில் மெக்சிகன்-அமெரிக்கன் வரலாறு எடுத்திருக்கும் என் மகள் அங்கேயே சோபாவில் இருந்தாள். அவளிடம், "ஏம்மா, இதெல்லாம் நெஜமாவே நடந்துச்சா?" என்றேன்.

"எஸ் அப்பா. வீ ரெட் இட் இன் த ஃபர்ஸ்ட் வீக்."

ஹெக்டர் என்னைப் பார்த்தார். "உங்கள் மொழியை அவள் பேசுவாளா?"

"புரியும்" என்றேன்.

அவர்கள் வீட்டில் மொழி போவதற்கு அவ்வளவு அடி தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவரும் கையே ஓங்கவில்லை.

உங்கள் வீட்டில் எப்படி?