கடைசி வயல்

பெருநகர் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர். ஒல்லியான உருவம், சேலைமேல் ஆண்சட்டை. கைப்பேசியில் யாரிடமோ, "வேற மெஷின் கெடைக்கலன்னா காத்துக்கினு இரு. உன் வயலு கடைசிதான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"யாரும்மா?"

"முன்ன நான் கூலிக்கு அறுத்த வயல்காரன். மெஷின் ஓட்டக் கத்துக்கறேன்னதும், 'உனுக்கு அருவாளே பெருசு'ன்னு எல்லார் எதிர்லயும் சிரிச்சான். நானும் பயந்துக்கினுதான் இருந்தேன். ஒருநாளு, நின்னுக்கினு இருந்த மெஷின்ல பசங்க ஏறி, ஸ்டேரிங்கத் திருப்பி வெளையாடிச்சுங்க. இதுங்களுக்கு இல்லாத பயம் எனக்கு இன்னாத்துக்குன்னு ஏறிக் குந்திட்டேன்."

"மழை வரப்போகுதே, அவர் நெல்லு?"

"நனையட்டும்."

தூறல் விழுந்ததும் எல்லோரும் ஷட்டரை இறக்கினோம். அவர் மட்டும் முகத்தை வெளியே நீட்டிச் சிரித்தார். அந்த நெல்லுக்காக நான் வருந்தியிருக்க வேண்டும். இன்றுவரை முடியவில்லை.